இருப்புப்பாதைக்கு ஒரு குடிமராமத்து

சென்ற மாதத்தில் ஒரு நாள், அருப்புக்கோட்டை வட்டாரத்து நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடுவதற்காகப் புறப்பட்டு, விருதுநகர் சந்திப்பில் வண்டிக்குக் காத்திருந்தேன். வண்டி தாமதம். பக்கத்துப் பலகையில் நூல் பொதி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முதிய நெசவாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். தண்டவாளத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐயா, நான் சிறுபிள்ளையாய் இருந்தபோது இந்தத் தண்டவாளம் இவ்வளவு அகலம் கிடையாது. கரி வண்டிதான் ஓடும். அந்த எஞ்சின்களெல்லாம் எங்கே போயின?" என்று கேட்டார்.

பெரும்பாலானவை பழைய இரும்பாக உடைக்கப்பட்டன என்றும், சிலவற்றுக்கு வண்ணம் பூசி மேடைகளில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"அது, தறியை மடக்கிக் கூடத்துச் சுவரில் சாத்தி வைத்த மாதிரிதானே?" என்றார் அவர்.

அவருடைய அச்சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம். அன்று அவருக்கு நான் சொன்ன கதையை நமது அங்கத்தினர்கள் அனைவருக்கும் சொல்லலாம் என்று தோன்றிற்று.

நமது பகுதிக்கு இருப்புப்பாதை புதியதன்று. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பாதை 1876-ல் திறக்கப்பட்டபோது விருதுநகருக்கு விருதுபட்டி என்றே பெயர். பருத்தியும் மிளகாயும் மல்லியும் இவ்வூர்ப் பேட்டையிலிருந்து துறைமுகத்துக்குச் செல்ல அதுவே வழியாயிற்று. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசி செல்லும் பாதை 1927-ல் வந்தது. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய சிவகாசி இளைஞர் இருவரின் முயற்சி அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை செல்லும் பாதை 1963-64-ல் அமைந்தது. இவை யாவும் மீட்டர் பாதைகள். பின்னர் ஒவ்வொன்றாக அகலப் பாதையாக மாற்றப்பட்டன. செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் குடைந்து புனலூருக்குச் செல்லும் பகுதியும் 2010-ல் மூடப்பட்டு, 2018-ல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள பதிமூன்று கண் பாலம் இன்றும் நிற்கிறது. அதன்மேல் ஓடிய சிறு வண்டிதான் இல்லை.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. விளைபொருளைச் சந்திப்புதோறும் ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்றி ஏற்றிய தொல்லையை அனுபவித்தவர் எவரும் மீட்டர் பாதைக்காகக் கண்ணீர் விடமாட்டார். ஆனால் பழைய பாதைகளுள் ஒன்றையாவது ஓடும் நிலையில் காப்பாற்றியிருக்கலாகாதா என்று கேட்பது நியாயமே. நமது மாநிலத்தில் அப்படி ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலைப்பாதை குன்னூர் வரை 1899-லும், உதகை வரை 1908-லும் திறக்கப்பட்டது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு 1 அடி ஏற்றம் உள்ள இடங்களும் உண்டு. ஆகவே தண்டவாளங்களின் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டத்தைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறும்படி செய்திருக்கிறார்கள். எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு பெட்டியிலும் தடை போட ஓர் ஆள் நிற்பார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது, அதே அமைப்பில் புதிய எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையிலேயே செய்தார்கள். எண்ணெயில் இயங்குபவை 2011 முதலும், கரியில் இயங்கும் ஒன்று 2021-லும் அங்கே உருவாயின. நம் தொழிலாளரின் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2005-ல் இம்மலைப்பாதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

எனினும் அது ரயில்வே இலாகாவின் சொத்து. பழுது பார்ப்பவர் சம்பளம் பெறும் ஊழியர், செலவைத் தாங்குவது பொதுப் பணம். சாதாரண மக்கள் சங்கமாகக் கூடி, தம் பணத்தையும் உழைப்பையும் கொண்டு ஒரு முழு இருப்புப்பாதையையே ஏற்று நடத்த இயலுமா? இயலும் என்று முதன்முதலில் காட்டிய இடம் பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாடு. பாதையின் பெயர் தாலிலின்.

அது 1865-ல், பிரின் எக்லுயிஸ் என்ற மலைச் சுரங்கத்திலிருந்து கூரை வேயும் கற்பலகைகளைக் கடற்கரை ஊராகிய டவினுக்குக் கொண்டுவர அமைக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே 2 அடி 3 அங்குலந்தான். தோளில் போடும் துண்டின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணிகளை ஏற்ற அனுமதி கேட்டபோது அரசாங்கப் பரிசோதகர் வந்து பார்த்தார். மேம்பாலங்களின் அடியில் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே போதிய இடமில்லை. கதவைத் திறந்தால் ஆள் நசுங்கிவிடுவான். பாலங்களை இடித்துக் கட்டப் பணமில்லாத அவர்கள், தண்டவாளத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, குறுகிய பக்கத்துக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள். இன்றும் ஒரு பக்கத்தில்தான் ஏறி இறங்க வேண்டும். பரிசோதகர் எழுதும் குறிப்புகளை வீண் தொல்லை என்று எண்ணும் நிர்வாகக் குழுவினர் இதனைக் கவனிப்பார்களாக!

1911-ல் அந்தச் சுரங்கத்தையும் பாதையையும் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் என்பவர் வாங்கினார். டவின் ஊரின் இரும்புச் சாமான் வணிகர். நீண்ட காலம் பார்லிமெண்டு உறுப்பினராகவும் இருந்தவர். தம் உயிர் உள்ளவரை வண்டி ஓடும் என்று அவர் வாக்களித்தார். 1946 இறுதியில் சுரங்கத்தில் சரிவு ஏற்பட்டுத் தொழிலே நின்றுபோன பிறகும், சரக்கே இல்லாத அப்பாதையில் நஷ்டத்துக்கு வண்டியை ஓட்டினார். 1948-ல் பிரிட்டனின் ரயில்வேக்கள் அரசுடைமையானபோது இச்சிறு பாதையை அரசும் எடுத்துக்கொள்ளவில்லை. 1950 ஜூலையில் அவர் காலமானார். வாக்கு நிறைவேறியது, வண்டியும் நிற்க வேண்டியதாயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 11-ஆம் தேதி பர்மிங்காம் நகரில் ஓர் ஓட்டலில், எல். டி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ஒரு பொதுக்கூட்டம் கூட்டினார்கள். அங்கே சங்கம் பிறந்தது. அதன் அமைப்பு நமக்குப் பாடமாகத் தக்கது. காலஞ்சென்றவரின் மனைவியாரிடம் பாதையின் பங்குகள் இருந்தன. அவற்றை ஏற்கத் தனி நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தி, அதன் நிர்வாகத்தில் அம்மையாரின் பக்கத்தவரும் சங்கத்தின் பிரதிநிதிகளும் அமர்ந்தார்கள். சொத்து ஓரிடத்தில், உழைப்பும் சந்தாவும் திரட்டும் சங்கம் வேறிடத்தில். ஒருவர் கைக்குள் எல்லாம் அடங்கிவிடாதபடி அன்றே வரம்பு கட்டினார்கள்.

1951 மே 14-ஆம் தேதி சங்கத்தின் முதல் வண்டி ஓடியது. பாதை முழுவதிலும் அல்ல. டவினிலிருந்து சிறு தூரம் மட்டுமே. இருந்த இரண்டு எஞ்சின்களுள் ஓடக்கூடியது 1866-ல் செய்த 'டால்கோக்' ஒன்றே. மற்றொன்று பழுதாகிக் கிடந்தது. தண்டவாளங்களிலோ பல, பாதை போட்ட நாளில் இட்டவை. மரக்கட்டைகள் மக்கி, புல் மண்டிக் கிடந்தது. இந்நிலையில் ஓர் அதிர்ஷ்டம். அதே 2 அடி 3 அங்குல அகலத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடிய கோரிஸ் பாதை 1948-ல் மூடப்பட்டிருந்தது. அதன் இரண்டு எஞ்சின்கள் விற்பனைக்குக் காத்திருந்தன. ஒவ்வொன்றும் 25 பவுன் வீதம் சங்கம் வாங்கியது. வேறு அகலமாயிருந்தால் அவையும் உடைப்பவர் கைக்கே போயிருக்கும்.

வேலைக்கு வந்தவர்கள் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், பொறியாளர்கள், மாணவர்கள்; விடுமுறையைச் செலவிட வந்தவர்கள். குழந்தைகளுக்கு எஞ்சின் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற பாதிரியார் ஆட்ரியும் வந்தார். அவரைக் கார்டாக நியமித்தார்கள். ஒரு நாள் சிற்றுண்டி விற்கும் அம்மையார் ஏறுவதற்குள் விசில் ஊதி வண்டியை அனுப்பிவிட்டார்! பின்னர் அவர் எழுதிய கதைகளுள் அத்தவறும் இடம்பெற்றது. தொண்டரும் தவறு செய்வார். அதனைத் தாமே சொல்லிச் சிரிக்கும் மனம் இருந்தால் சங்கத்துக்கு நல்லது.

எனக்கு வியப்பளிப்பது முதல் வண்டி ஓடியது அன்று. அதற்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது ஓடிக்கொண்டிருப்பதே. எஞ்சின் ஓட்ட வேண்டும் என்றால் நூறு பேர் வருவார்கள். சாக்கடையை வெட்டவும், மக்கிய கட்டையைத் தோண்டி எடுத்துப் புதிய கட்டையைப் போட்டு அதனடியில் கல்லைத் திணிக்கவும் எத்தனை பேர் வருவார்கள்? பாதை என்பது அந்தக் கட்டைகளும் கற்களுமே. தண்ணீர் வடியாத இடத்தில் கல் சேறாகும். சேற்றில் கட்டை ஆடும். ஆடும் கட்டையில் ஆணி தளரும். பிறகு தண்டவாளம் அகன்று சக்கரம் கீழே இறங்கிவிடும். எஞ்சினுக்கும் அப்படியே. கொதிகலத்தின் உப்புப் படிவை அவ்வப்போது கழுவ வேண்டும். குழாய்களுக்கு ஆயுள் கணக்கு உண்டு. அது முடிந்தால் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். முதலில் கிடந்த 'தாலிலின்' எஞ்சினைப் பழுது பார்த்து 1958-ல் ஓடவிட்டார்கள். அடுத்து இத்தனை நாள் பாரம் சுமந்த 'டால்கோக்' முறை. ஒன்றை முடித்தால் மற்றொன்று காத்திருக்கும். 1976-ல் பாதையையே மலைக்குள் இன்னும் சிறிது தூரம் நீட்டினார்கள். இதெல்லாம் தொண்டர்களால் மட்டும் ஆயிற்று என்று சொல்வது சரியன்று. சம்பளம் பெறும் சில ஊழியர் என்றும் இருந்தார்கள். பழைய நிர்வாகத்தில் பணி செய்தவர்கள் சொல்லிக்கொடுத்திராவிட்டால் புதியவர்கள் முதல் மாதமே திண்டாடியிருப்பார்கள்.

நமது கண்மாய்களுக்கு நம் முன்னோர் செய்த குடிமராமத்தும் இத்தகையதே. ஆயக்கட்டுக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடி வரத்துக்காலை வெட்டினார்கள். கரைக்கு மண் போட்டார்கள். மடையைப் பழுது பார்த்தார்கள். ஆங்கிலேயர் ஆட்சி 1858-ல் அதற்குச் சட்டம் இயற்றிக் கட்டாயமாக்கப் பார்த்தது. கட்டாயத்தால் அவ்வழக்கம் வலுப்பெற்றதாக நான் கருதவில்லை. வேல்ஸில் கட்டாயப்படுத்த யாரும் இல்லை. வயலுக்கு நீர் வரும் என்ற பயனும் இல்லை. பழைய எஞ்சின் ஓட வேண்டும் என்ற ஆசை ஒன்றே. ஆசை ஆண்டுக்கணக்கில் நிற்குமா என்று நம்மவர் ஐயுறுவது இயல்பு. ஆசையை அவர்கள் அட்டவணையில் எழுதி வைத்தார்கள்: இன்ன வாரம், இன்ன வேலை, இன்னார் வருவார் என்று. அதனால் நின்றது. 2021-ல் வட மேற்கு வேல்ஸின் கற்பலகை நிலப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமானபோது அச்சுரங்கமும் இப்பாதையும் அதில் சேர்ந்தன.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்வையிட்ட சங்கமொன்று, பெயர் வேண்டாம். சாயக் கொட்டகையை மானியத்தில் புதுப்பித்தார்கள். திறப்பு விழாவுக்குப் பந்தல், மாலை, புகைப்படம் எல்லாம் உண்டு. செலவுச் சீட்டுகள் ஒழுங்காக இருந்தன. நானும் சரி என்று கையொப்பமிட்டேன். இரண்டு மழைக்குப் பின் போனபோது, தண்ணீர் வடியும் குழாயில் சருகு அடைத்துச் சுவர் ஊறிப்போயிருந்தது. சருகை அள்ளுவது யார் பொறுப்பு என்று கேட்டேன். நிர்வாகக் குழு ஊழியரைக் காட்டிற்று. ஊழியர் தீர்மானப் புத்தகத்தைக் காட்டினார். அதில் அப்படியொரு வேலையே இல்லை. முதல் முறை கையொப்பமிட்டபோது அக்கேள்வியை நானும் கேட்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இப்போது கட்டடம், தறி, யந்திரம் எதற்குப் பணம் கேட்டாலும், அதனை ஆண்டுதோறும் பேணுவதற்கான ஆள் யார், தொகை எது என்று கேட்ட பிறகே பரிந்துரை எழுதுகிறேன். சில தலைவர்களுக்கு என்மீது வருத்தம் உண்டு.

பிளாட்பாரத்தில் இக்கதையை முடித்தபோது எங்கள் வண்டி வந்துவிட்டது. பெரியவர் நூல் பொதியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அமர்ந்ததும், "அந்த ஊரில் மழை உண்டா?" என்று கேட்டார்.

"நம் ஊரைவிட மிக அதிகம். கோடையில் வண்டி ஓட்டுவார்கள். குளிர்காலத்தில் பயணிகள் குறைவு. அப்போதுதான் பாதை வேலை நடக்கும். மழையிலும் சேற்றிலும் நின்றுதான் கட்டை மாற்றுவார்கள்."

"கூலி இல்லாமல்?"

"தொண்டர்களுக்குக் கூலி இல்லை. சந்தாவும் அவர்களே கட்டுகிறார்கள்."

அவர் வெகுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஐப்பசி அடைமழையில் தம் வீட்டுத் தறிக்குழியில் நீர் ஊறுவதையும், பாவு நமத்து இழை அறுவதையும், விடியுமுன் எழுந்து குழியை இறைத்துச் சாம்பல் போட்டு உலர்த்தியதையும், தம் தகப்பனார் அதற்கென்றே வைத்திருந்த பித்தளைச் செம்பையும் பற்றி அருப்புக்கோட்டை வரும் வரையில் சொல்லிக்கொண்டே வந்தார்.