பாதத்தின் தளர்ச்சியும் முதுகெலும்பும்

செருப்பு காலினின்று நழுவுகிறது. படியேறுகையில் விரல் தட்டுகிறது. முன்தினம்வரை நன்றாக நடந்தவருக்கு இவ்வாறு நேரின், தோட்டத்து மக்கள் சுளுக்கு என்றோ வாதம் என்றோ கருதி உருவிவிடுபவரை நாடுவர். கோளாறு முதுகெலும்பில் இருக்கக்கூடும் என்று எண்ணுவோர் சிலரே.

பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குரிய நரம்பு, பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பு வேரினின்று கிளைத்து, முழங்காலின் வெளிப்புறத்தைச் சுற்றி இறங்குகிறது. நெடுநேரம் குத்துக்காலிட்டுக் களை பிடுங்குவோருக்கு அது முழங்காலருகே நசுங்குவதுண்டு. அப்போது முதுகுவலியோ காய்ச்சலோ இராது. முள்ளெலும்புகளிடையேயுள்ள வட்டு பிதுங்கி வேரை அழுத்துவதும் சாதாரணமே. ஏமாற்றுபவை அரிதான காரணங்களே.

அவற்றுள் ஒன்று, தண்டுவட உறையின் வெளியே சீழ் கட்டுதல். காசநோய் முள்ளெலும்பை அரித்து இவ்வாறு செய்யும் என்பதை மருத்துவர் நெடுங்காலமாக அறிவர். கோத்தா திங்கி போன்ற ஊரிலோ மெலியாய்டோசிஸ் என்னும் நோயையும் நினைக்க வேண்டும். இதன் கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தோல் வெடிப்பின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் புகும். நீரிழிவுக்காரரையே மிகுதியும் பற்றும். மழையும் வெள்ளமும் அதற்குத் துணை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இவ்வூர் மூழ்கியதைப் பலர் மறந்திரார்.

1911-இல் ரங்கூனில் இந்நோயைக் கண்டறிந்தவர் விட்மோரும் அவருடைய உதவியாளர் கிருஷ்ணசுவாமியும் ஆவர். நோய்க்கு விட்மோரின் பெயரும் வழங்கலாயிற்று. நம்மவர் பெயரை அறிந்தோர் குறைவு. பின்னர் கோலாலம்பூரில் ஸ்டாண்டனும் பிளெட்சரும் இதனை விரிவாக ஆராய்ந்தனர்.

படத்தில் பார்த்தால் இதுவும் காசநோய் போலவே தோன்றும். ஆனால் வழக்கமான காசநோய் மருந்துகள் இதனைத் தீர்க்கா, பென்சிலினும் பயன்படாது. ஆகவே சீழையோ இரத்தத்தையோ எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. அதன்பின் பல வாரங்கள் ஊசியும் பல மாதங்கள் மாத்திரையும் தேவைப்படும். உடல் தேறியதென்று மாத்திரையை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்.

முதுகுவலியுடன் காய்ச்சலும் பாதத் தளர்ச்சியும் சேர்ந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். சீழ் அழுத்தும் நரம்பு முற்றிலும் செயலிழந்து ஓரிரு நாள் கடந்துவிட்டால், அறுவை செய்தும் பலம் திரும்புவது அரிது. ஜொகூர் பாரு இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். காலம் போவது வழியிலன்று, தைலம் தேய்த்துக் காத்திருக்கும் நாட்களிலேயே.