கோபுரமில்லாத கந்தன் கோயில்

கண்டி மாநகரில் வாழும் நம்மவரிற் பலர் ஆண்டுதோறும் கதிர்காமத்துக்கு யாத்திரை சென்று வருகின்றனர். ஆயின், அரைநாட் பொழுதிற் போய்த் திரும்பத்தக்க தொலைவில் அதே கதிர்காமக் கந்தனுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக வழிபாடு நிகழும் கோயில் ஒன்றிருப்பதை அவருட் சிலரே அறிவர். அதுவே எம்பெக்க தேவாலயம்.

விடுமுறை நாளொன்றில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் அங்குச் சென்றோம். கொழும்பு வீதியிற் பேராதனையைக் கடந்து, பிலிமத்தலாவையிலிருந்து தவுலகலைப் பாதையிற் செல்லவேண்டும். வயல்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரையொன்று தென்பட்டது. “கோபுரம் எங்கே, ஐயா?” என்று கேட்டான் ஒரு மாணவன். அக்கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

கம்பளையிலிருந்து அரசாண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் (1357–1374) காலத்தில் எழுந்தது இக்கோயில். இதன் தோற்றம் பற்றி மக்கள் வழங்கும் கதை உருக்கமானது. முரசறைவோன் ஒருவன் கதிர்காமக் கந்தன் அருளால் நோய் நீங்கப்பெற்று, ஆண்டுதோறும் அங்குச் சென்று தன் கலையைக் காணிக்கையாக்கி வந்தான். முதுமை வந்தது, கால்கள் தளர்ந்தன. “இனி எங்ஙனம் வருவேன்?” என்று கலங்கியவனுக்குக் கனவில் ஆறுதல் கூறிய பெருமான், எம்பெக்கையில் வெட்டப்பட்ட மரமொன்றிற் குருதி பெருகச் செய்து தன் இருப்பை உணர்த்தினானாம்.

கருவறை, ஆடல் மண்டபம், முரசு முழங்கும் ஹேவிசி மண்டபம் என மூன்று பகுதிகளையுடையது கோயில். ஹேவிசி மண்டபத்தின் மரத்தூண்களே இதன் புகழுக்குக் காரணம். கம்பளை அரண்மனை மண்டபமொன்றிலிருந்து இத்தூண்கள் கொண்டுவரப்பட்டன என்பர். தெல்மட மூலாசாரி என்னும் தச்சரின் கைவண்ணம் என்பதும் மரபு. பின்னிப் பிணைந்த அன்னங்கள், இருதலைப் புள், பொருதும் மல்லர், ஆடும் நங்கை, குழவிக்குப் பாலூட்டும் தாய் என எத்தனை காட்சிகள்! செதுக்குருவங்களின் தொகை 514 எனக் கணக்கிட்டுள்ளனர். மேலே நோக்கினால் மற்றொரு வியப்பு: கூரைக் கைமரங்கள் 26 ஓரிடத்திற் குவிய, அவற்றை ஒரே மர ஆணி இறுகப் பற்றி நிற்கின்றது. ‘மடொல் குருபாவ’ என்பது அதன் பெயர்.

வரும் வழியில் நாம் கண்ட இரு விகாரைகளும் இதற்குச் சற்று முற்பட்டவை. இரண்டும் நான்காம் புவனேகபாகு காலத்தில், 1344 இல் எழுந்தவை. கடலாதெனியவின் கருங்கற் கட்டடத்தை அமைத்தவர் தென்னாட்டுச் சிற்பி கணேசுவராசாரி. லங்காதிலகப் பாறையிலோ சிங்களச் சாசனத்துடன் தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே புத்தபிரானின் திருமனையைச் சூழ்ந்து கந்தனுக்கும் கணபதிக்கும் இடமுண்டு. ‘மூலாசாரி’ என்ற சொல்லும், எம்பெக்கைக்கு அருகே வழிப்போக்கர் தங்கக் கற்றூண்களுடன் அமைந்த ‘அம்பலம’ என்ற பெயரும் நம் செவிக்கு அயலானவையல்லவே!

ஆயினும் ஒரு கவலை நம்மைத் தொடர்ந்தது. கல்லைப்போல மரம் காலத்தைப் பொறுக்குமோ? தாழ்வான உருவங்கள் சில தேய்ந்து முகமிழந்து நிற்கின்றன. மழையும் வெயிலும் மட்டுமன்று, அன்போடு தடவிப்பார்க்கும் கைகளும் இவற்றைத் தேய்க்கும். தூணைத் தொட நீண்ட மாணவன் கையை நாம் மெல்லத் தடுத்தோம். நூல் அழிந்தால் மறுபதிப்புச் செய்யலாம். இத்தூண்களுக்கு மறுபதிப்பு ஏது?

மாலையில் முரசு முழங்கிற்று. மொழியால் வேறுபட்டோர் சிலர் பழத்தட்டுகளுடன் வந்து நின்றனர். அவர்களருகே நாமும் கைகூப்பி நின்றோம். வீடு திரும்புகையில் மாணவனின் கேள்விக்கு விடை கிடைத்தது: “தம்பி, கோபுரம் தொலைவிலிருப்போரை அழைப்பதற்கு. நடக்கவியலாத அடியவனைத் தேடித் தானே வந்த தெய்வத்துக்கு அது எதற்கு?”