இளையர் என்னும் சொல்லும் ஏவல் மரபும்: குமாரபாளையம் நெசவுத்தொழிலை முன்வைத்து

முன்னுரை

இளையோரிடம் பணிவு குறைந்துவிட்டது என்னும் மூத்தோர் கருத்து, ஒழுக்கச் சிதைவின் சான்றாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. அக்கருத்தைத் தொழிலுறவின் மாற்றத்தோடு இணைத்து நோக்கவேண்டும் என்பதைக் குமாரபாளையம் நெசவுத்தொழிலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்கிய மரபு

புறநானூற்றின் 191ஆம் பாடலில் பிசிராந்தையார் தமக்கு நரை தோன்றாமைக்குக் கூறும் காரணங்களுள் ஒன்று, இளையர் தம் கருத்துப்படி நடத்தல். இச்சொல்லுக்கு உரைகாரர் ஏவலர் எனப் பொருள் கொள்வர். தொல்காப்பியக் கற்பியலும் இளையோரை ஏவல் முடிப்போராகக் காட்டுகிறது. இளமையும் ஏவலும் ஒரே சொல்லில் அடங்கியமை கருதத்தக்கது. மாறாக, மக்களின் அறிவுடைமை தம்மினும் உலகத்தார்க்கு இனிது என்கிறது திருக்குறள் (68). இளையன் என ஐயுற்ற முதியோர்முன் கரிகாலன் நரைமுடித்து வந்து நீதி வழங்கியதைப் பழமொழி நானூறு கூறுகிறது. அறிவு இளையோனுடையதாயினும் அதை ஏற்க நரை வேண்டப்பட்டது.

கைத்தறியும் விசைத்தறியும்

குமாரபாளையம், நாமக்கல் மாவட்டத்தில் பவானிக்கு எதிரே காவிரிக்கரையில் அமைந்த நெசவு நகரம். கைத்தறிக் குடும்பத்தில் வீடே தொழிற்கூடம். நூல் நூற்பு நீங்கலாகத் தார் சுற்றுதல், பாவு தோய்தல், நெய்தல் ஆகிய பணிகள் குடும்பத்தார்க்குள் பகிரப்பட்டன. தந்தையே ஆசான், வேலை வாங்குபவரும் அவரே. ஆதலின் சொல்லை மறுக்காமை பண்பாக மட்டுமன்றித் தொழில்நெறியாகவும் விளங்கியது.

விசைத்தறி இப்பிணைப்பைத் தளர்த்தியது. இளைஞர் பிறர் கூடத்தில் உழைத்துத் தம் கூலியைத் தாமே பெறும் வாய்ப்பு உருவாயிற்று. இந்நகர விசைத்தறித் தொழிலை ஆராய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நேவ், 1999இல் வெளியான கட்டுரையில், தொழிலாளரைத் தக்கவைக்க உரிமையாளர் வழங்கிய ‘பாக்கி’ என்னும் முன்பணம் அவர்களைக் கட்டுப்படுத்தப் போதுமானதாக அமையவில்லை எனக் காட்டினார். முதலாளி, தொழிலாளி உறவு பற்றிய இம்முடிவைத் தந்தை, மகன் உறவுக்கு நேரே பொருத்த இயலாது. எனினும் கடன்கொடுத்தும் பெறமுடியாத கீழ்ப்படிதலைக் குடும்பம் வயதின் பெயரால் பெற்றுவந்தது என்பது இதனால் தெளிவாகிறது.

முடிவுரை

மூத்தோரின் குறைகூறலில் ஏவும் உரிமையை இழந்த வருத்தமும், கற்பிக்கத் தமக்கிருந்த தொழிலறிவு கேட்பாரற்றுப் போன துயரமும் கலந்துள்ளன. அத்துயரம் மெய்யானது. ஆயின் அதனையே இளையோரின் பண்புக்குச் சான்றாகக் கொள்வது, அவர்கள் நுழையாத தறிக்குழியின் நெறியால் அவர்களை அளப்பதாகும். களஆய்வில் இத்தகைய கூற்றுகளைத் திரட்டுவோர், கூறுபவரின் வயதோடு அவர் செய்த தொழிலையும் பதிவுசெய்தல் வேண்டும்.