கறுப்புக் குதிரை வெள்ளையாகவும் இருக்கலாம்!

தேர்தல் வந்தால் சிலரைக் "கறுப்புக் குதிரை" என்று எழுதுகிறார்கள். பார்த்தால், ஆள் நல்ல சிவப்பு! பிறகு ஏன் கறுப்பு?

இது "டார்க் ஹார்ஸ்" என்ற ஆங்கிலச் சொல். குதிரைப் பந்தயத்தில் பிறந்தது. "டார்க்" என்றால் இருட்டு. இங்கே அது நிறத்தைக் குறிக்கவில்லை. அந்தக் குதிரையின் திறமை வெளியே யாருக்கும் தெரியாது; விஷயம் இருட்டில் இருக்கிறது. அவ்வளவுதான்! வெள்ளைக் குதிரையும் டார்க் ஹார்ஸ் ஆகலாம்.

இருட்டில் வைப்பதால் என்ன லாபம்? பல முறை ஜெயித்த குதிரை மீது எல்லோரும் பணம் கட்டுவார்கள். ஆகவே அது ஜெயித்தால் கொஞ்சம் லாபம்தான் கிடைக்கும். பெயர் தெரியாத குதிரைக்கோ, 1 ரூபாய்க்கு 20 ரூபாய்கூடத் தருவதாகப் பந்தயப் பணம் வாங்கும் புக்கி சொல்வார். அதனால் நல்ல குதிரை வைத்திருப்பவர், அதன் வேகத்தைக் காட்டாமல் மறைத்து வைப்பது உண்டு. விஷயம் தெரிந்த நாலு பேருக்குப் பணம் கொட்டும். மற்றவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது!

1831-ல் வெளிவந்த "தி யங் டியூக்" என்ற நாவலில், யாரும் நினைக்காத ஒரு டார்க் ஹார்ஸ் பந்தயத்தில் ஜெயிக்கிறது. எழுதியவர் டிஸ்ரேலி. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமர் ஆனவர்.

பந்தயச் சொல் அரசியலுக்கும் வந்தது. 1844-ல் அமெரிக்காவில், பால்டிமோர் நகரில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியது. ஜனாதிபதி தேர்தலுக்கு யாரை நிறுத்துவது? முன்னாள் ஜனாதிபதி வான் பியூரனுக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது விதி. மீண்டும் மீண்டும் ஓட்டெடுத்தார்கள். இழுபறி தீரவில்லை. முதல் 7 தடவையும் ஜேம்ஸ் போல்க் என்பவருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. 8-வது தடவை 44 ஓட்டு. 9-வது தடவை அவரே வேட்பாளர்!

"யார் இந்தப் போல்க்?" என்று எதிர்க்கட்சியினர் கேலி செய்தார்கள். அவர் ஒன்றும் ஊர் பேர் தெரியாதவர் அல்ல, சபாநாயகராக இருந்தவர். ஆனால் கவர்னர் தேர்தலில் இரண்டு முறை தோற்றவர் என்பதால் யாரும் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. கேலி பலிக்கவில்லை. புகழ்பெற்ற தலைவர் ஹென்றி கிளேயைத் தோற்கடித்து, போல்க் 11-வது ஜனாதிபதி ஆனார்.

இன்று ஆங்கிலேயர்கள் வீட்டுப் பேச்சிலும் இதைச் சொல்கிறார்கள். பத்து வருஷம் பழகிய பக்கத்து வீட்டுக்காரர், திடீரென்று ஒருநாள் அருமையாக வயலின் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் ஒரு டார்க் ஹார்ஸ்!" என்பார்கள். "இத்தனை நாள் மறைத்துவிட்டீர்களே!" என்று அர்த்தம். உங்களை யாராவது அப்படிச் சொன்னால், நிறத்தைச் சொல்லிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்!