செத்துப்போன விண்வெளி நிலையம்

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனாரே, அவர் தங்கிய இடத்தின் பெயர் சல்யூத் 7. சோவியத் நாட்டின் விண்வெளி நிலையம் அது. அவர் திரும்பி வந்த பத்தாவது மாதம், 1985 பிப்ரவரியில், அந்த நிலையம் செத்துப்போனது. அப்போது உள்ளே ஆள் யாரும் இல்லை. தரையிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டும் பதில் வரவில்லை.

போய்ப் பார்த்துவிட இரண்டு பேர் கிளம்பினார்கள். விளாதிமிர் ஜானிபெகோவ், விக்தர் சவினிக். ஜூன் 6 அன்று பைக்கனூரிலிருந்து சோயுஸ் டி-13 கலத்தில் பறந்தார்கள். மூன்றாவது இருக்கை இருந்த இடத்தில் கூடுதலாக உணவும் தண்ணீரும்!

வழக்கமாக நிலையமும் கலமும் ரேடியோவில் பேசிக்கொண்டு தாமே நெருங்கும். இங்கே ஒரு பக்கம் ஊமை. ஆகவே கையில் பிடிக்கும் லேசர் கருவியால் சவினிக் தூரத்தை அளந்து சொல்லச் சொல்ல, ஜானிபெகோவ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கலத்தை ஓட்டினார். இரண்டும் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. மோதாதா? பக்கத்துத் தண்டவாளத்தில் அதே வேகத்தில் ஓடும் ரயில், நம் ஜன்னலுக்கு நேரே நிற்பதுபோலத் தெரியும் அல்லவா? அப்படித்தான். இரண்டுக்கும் இடையே உள்ள வேக வித்தியாசம் சிறியதாக இருந்தால் போதும், மெல்ல இணைந்துவிடலாம். ஜூன் 8 அன்று இணைந்தார்கள்.

உள்ளே ஒரே இருட்டு, குளிர். சுவரில் எச்சில் துப்பிப் பார்த்தார்கள். சில நொடிகளில் உறைந்துவிட்டது! (வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், அடிதான் விழும்.) கம்பளித் தொப்பியும் தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள்.

குளிரை விடப் பெரிய ஆபத்து, மூச்சு. பூமியில் நாம் விடும் வெதுவெதுப்பான காற்று மேலே எழும்பி விலகிப்போகும். எடையற்ற இடத்தில் மேல் ஏது, கீழ் ஏது? விசிறி ஓடாவிட்டால், விட்ட கரியமில வாயு முகத்தைச் சுற்றியே நிற்கும். தலை வலிக்கும், மயக்கமும் வரலாம்.

இருந்த எட்டு பேட்டரிகளில் ஆறு தேறின. அவற்றைச் சோலார் தகடுகளோடு நேரடியாக ஒயரால் இணைத்தார்கள். கையுறையோடு ஒயர் முறுக்க முடியாது, வெறும் விரல்தான். பிறகு தங்கள் சோயுஸின் எஞ்சினை இயக்கி, நிலையத்தையே சூரியன் பக்கம் திருப்பினார்கள். மின்சாரம் ஏறியது. மெல்ல மெல்லப் பனிக்கட்டி உருகியது.

எல்லாவற்றுக்கும் காரணம் என்ன தெரியுமா? பேட்டரி நிரம்பிவிட்டது என்று ஓர் உணரி தவறாகச் சொல்ல, மின்னேற்றம் நின்றுபோயிருக்கிறது. சூரியன் எதிரே இருந்தும் நிலையம் பட்டினி!

அதே ஜூனில், சாமான்களைப் பிரிக்கும்போது ஜானிபெகோவ் ஒரு வேடிக்கை பார்த்தார். காது வைத்த ஒரு நட்டைச் சுண்டிவிட்டார். அது சுழன்றபடி மிதந்து போய், திடீரென்று தலைகீழாகப் புரண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி புரண்டது. இதற்கு ஜானிபெகோவ் விளைவு என்றே பெயர்.

இதை நீங்களும் பார்க்கலாம். ஒரு புத்தகத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். முன்னட்டை மேலே தெரிய, படிப்பதுபோல இரண்டு கையாலும் பிடியுங்கள். ஒரே ஒரு குட்டிக்கரணம் அடிக்கும்படி மேலே போட்டுப் பிடியுங்கள். பிடித்த பிறகு, புத்தகத்தின் முதுகு எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.