ரவுட்டர் என்னும் வாயிற்காவலர்

வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, கேமரா எல்லாவற்றிற்கும் பொதுவாக வெளியுலகில் ஒரே முகவரிதான். உள்ளே மட்டும் 192.168 எனத் தொடங்கும் தனித்தனி எண்கள் உண்டு. விடுதி மாணவியரின் கடிதங்களைப் போல, எது யாருடையது என்று ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. கேளாமல் வருவதைப் பயர்வால் தடுக்கிறது.

வெளியூரிலுள்ள அப்பாவால் வீட்டுக் கேமராவைப் பார்க்க முடியவில்லையா? பலரும் உடனே பயர்வாலையே அணைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம்! 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களுக்குள் ஏராளமாகப் புகுந்தது. ஆகவே முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அடுத்து, கேமராவின் உள் எண்ணைப் பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் அது மாறியிருக்கலாம். அதை ரவுட்டரில் நிலையாக ஒதுக்கி, வேண்டிய ஒரு போர்ட்டை மட்டும் அதற்குத் திருப்புங்கள். வீட்டு வைஃபையில் சோதித்தால் சில ரவுட்டர்கள் ஏமாற்றிவிடும். கைப்பேசியின் இணையத்தில் சோதிப்பதே சரி.

இன்னும் கிட்டவில்லையெனில் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதேனும் ஒன்றில் தொடங்கினால், இணைய நிறுவனத்திலும் ஒரு வாயிற்காவலர் நிற்கிறார் என்று பொருள். சுமார் 430 கோடி பழைய வகை முகவரிகள் உலகுக்குப் போதாமையால், 2012-இல் இதற்கென ஒதுக்கப்பட்ட எண்கள் இவை. அப்போது வீட்டு ரவுட்டரில் எதை மாற்றியும் பயனில்லை. நிறுவனத்தாரிடம் பொது முகவரி கேட்டுப் பெற வேண்டும்.