பழைய ஜீப்பின் பின் ஆக்சில்: கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் போடியிலிருந்து போடிமெட்டுக்கும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஜீப்தான் வழி. இந்த வண்டிகளில் பல, ஓட்டுகிற பையனைவிட வயதில் மூத்தவை. பெயின்ட் புதிதாக இருக்கும், டயர் பெரிதாக இருக்கும், என்ஜின்கூட மாறியிருக்கும். பின் ஆக்சில் மட்டும் உடைகிற வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

ஆக்சில் என்றால் இழுவைச் சமாச்சாரம், உடைந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஆபத்தான நினைப்பு. பழைய ஜீப்பில் பின் ஆக்சில் என்பது பிரேக்கும்கூட.

மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை இங்கே பொருத்தித் தயாரிக்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த சி.ஜே.3பி போன்ற வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய டிரம் இருக்கும். ஹேண்ட் பிரேக் அதைத்தான் பிடிக்கும். அங்கிருந்து சக்கரம் வரை பிடிப்பைக் கொண்டுபோவது பின் ஆக்சில்தான். ஒரு பக்க ஆக்சில் ஷாஃப்ட் முறிந்துவிட்டால், டிஃபரன்ஷியல் முறிந்த பக்கத்தை வெறுமனே சுற்றவிடும். ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டி உருளும். கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் உருளும். முறிவு பேரிங்குக்கு வெளியே நேர்ந்தால் இன்னும் மோசம்: சக்கரமும் டிரம்மும் சேர்ந்து கழன்று போகும், டிரம்மின் தடுப்பு இல்லாத வீல் சிலிண்டரிலிருந்து பிஸ்டன் வெளியே தள்ளப்படும், பிரேக் ஆயில் கொட்டிவிடும். பழைய ஜீப்பின் பிரேக் ஒற்றைக் குழாய் வழி. ஒரு சக்கரத்தில் ஆயில் போனால் நான்கிலும் பிரேக் போய்விடும்.

இறக்கத்தில் இப்படி நேர்ந்தால் மிச்சமிருக்கும் ஒரே பிடி முன் ஆக்சில். முன் ஹப்புகள் லாக் ஆகியிருந்து, ஃபோர் வீலில் லோ போட்டு முதல் கியரில் இருந்தால் என்ஜின் வண்டியைத் தாங்கும். அதனால் மலைச்சாலையில் இறங்கும் முன்பே முன் ஹப்பை லாக் செய்து வைத்துக்கொள்வது நல்லது. நின்றதும் முதலில் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆட்கள் மலைப் பக்கமாக இறங்கட்டும், பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

இப்போது, உங்கள் வண்டியில் இருப்பது என்ன ஆக்சில்?

முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் நடுவை. தொப்பியைக் கழற்றினால் ஒரு பெரிய நட்டும், அதன் குறுக்கே காட்டர் பின்னும் தெரிந்தால் அது இரண்டு துண்டு ஆக்சில். ஷாஃப்டின் முனை கூம்பாகச் சீவப்பட்டிருக்கும். ஹப் தனித் துண்டாக அந்தக் கூம்பில் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது விரல் அகலம்கூட இல்லாத ஒரு கீயும் அந்த நட்டும்தான். நட்டு சற்றே தளர்ந்தாலும் பாரம் முழுவதும் கீயின் மேல் விழும். கீ நசுங்கும், காடி அகலும், அந்தக் காடியின் மூலையில் விரிசல் பிறக்கும். நடுவில் நட்டு எதுவும் இல்லாமல், ஷாஃப்டே தட்டையாக விரிந்து சக்கர போல்ட்டுகளைத் தாங்கினால் அது ஒற்றைத் துண்டு ஷாஃப்ட். சக்கரத்தின் நடுவே ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாகச் சிறு போல்ட்டுகள் இருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். முதல் இரண்டிலும் வண்டியின் பாரத்தை ஷாஃப்டே சுமக்கிறது. மூன்றாவதில் பாரம் ஹவுசிங்கின் மேல். ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும்தான். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழலாது, டிரம் இடத்திலேயே இருக்கும், கால் பிரேக் பிடிக்கும்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங்தான். போருக்குப் பின் பொதுமக்களுக்கு விற்ற ஜீப்பில்தான் இரண்டு துண்டு ஆக்சில் வந்து நிலைத்தது. நம் மலைகளில் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும் ஜீப்புகளில் பலவும் இந்த இரண்டு துண்டு வகை.

அடுத்து டிஃபரன்ஷியல் ஹவுசிங். அழுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் வார்ப்பில் புடைப்பாக 44 என்ற எண்ணோ ஸ்பைசர் என்ற பெயரோ தெரியலாம். 44 என்றிருந்தால் அது டேனா 44 என்ற ஆக்சில் குடும்பம். அதன் பின்மூடியில் பத்து போல்ட்டுகள். அவற்றில் ஒன்றின் அடியில் ஒரு தகரத் துண்டு மாட்டியிருந்தால் அதிலேயே பல் கணக்கு இருக்கும். 43க்கு 8 என்றால் ரேஷியோ 5.38, 39க்கு 8 என்றால் 4.88, 47க்கு 11 என்றால் 4.27. தகரம் இல்லாவிட்டால் எண்ணிப் பார்க்கலாம். சமதரையில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துக்கொள்ளுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றும்போது புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே ரேஷியோ. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கடியில் போகக் கூடாது.

ஷாஃப்டை வெளியே எடுத்தால் அதன் முனையிலுள்ள நீளக் காடிகளை, அதாவது ஸ்ப்ளைனை எண்ணுங்கள். இந்தக் குடும்பத்தின் பழைய ஆக்சில்களில் 10, 19, 30 என மூன்று வகை உண்டு. ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது. எண்ணாமல் போய் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

இணையத்தில் ஜீப் ஆக்சில் பற்றி வரும் வீடியோக்களை நம்பிப் பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1976 முதல் 1986 வரை அமெரிக்க சி.ஜே. ஜீப்புகளில் ஏ.எம்.சி. 20 என்ற ஆக்சில் வந்தது. அதன் மூடி முழு வட்டம், பன்னிரண்டு போல்ட்டு. அதற்கான உதிரிகள் டேனா 44க்குப் பொருந்தாது. அந்த ஆக்சிலின் கிரவுன் வீல் 8.875 அங்குலம், டேனா 44இன் 8.5 அங்குலத்தைவிடப் பெரியது. ஆனாலும் அதன் பலவீனமும் இதே இரண்டு துண்டு ஷாஃப்ட்தான். பல்சக்கரம் பெரிதாக இருப்பதால் மட்டும் ஆக்சில் உறுதியாகிவிடாது.

மாற்றுவதற்கு முன், இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஒருவர் புரொபெல்லர் ஷாஃப்டை அசையாமல் பிடிக்க, மற்றவர் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கட்டும். கண் நடு நட்டின் மேல் இருக்கட்டும். நட்டு அசையாமல் டிரம் மட்டும் அசைந்தால் கீ போய்விட்டது. ஹப்பைக் கழற்றினால் கூம்பின் மேல் செம்பழுப்புத் தூள் படிந்திருப்பதும் அதே கதைதான். அந்த வண்டியை மறுநாள் சவாரிக்கு எடுக்கவே கூடாது. ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது டக் என்று சத்தம் வந்தால் யூ ஜாயின்ட்டாகவும் இருக்கலாம், கீயாகவும் இருக்கலாம். ஜாயின்ட்டை மட்டும் மாற்றி அனுப்பிவிட மெக்கானிக்கை விடாதீர்கள். டிரம்முக்குள் ஆயில் கசிந்தால் சீலை மாற்றுவதோடு ஹவுசிங்கின் மேலிருக்கும் பிரீத்தரையும் பாருங்கள். மண்ணடைத்த பிரீத்தர் எத்தனை புது சீலையும் தோற்கடிக்கும். சூடேறிய ஆக்சிலுக்குள் அழுத்தம் கூடி ஆயில் பிரேக் லைனருக்குப் போய்விடும்.

தரம் உயர்த்துவது என்று வந்தால் என் கருத்து இது: ஆள் ஏற்றும் வண்டிக்குச் செலவழிக்கிற முதல் ரூபாய் ஷாஃப்டுக்கும் ஹப்புக்கும் போகட்டும். பெரிய டயர், டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கர் எல்லாம் அதற்குப் பிறகுதான். டயர் பெரிதாக ஆக ஷாஃப்டின் மேல் முறுக்கு கூடும். லாக்கர் போட்டால் ஒரு சக்கரம் தரையில் பிடித்து மறுசக்கரம் வழுக்கும் நேரத்தில் முறுக்கு முழுவதும் ஒரே ஷாஃப்டில் இறங்கும். பழைய கூம்பு ஷாஃப்டை வைத்துக்கொண்டு இவை இரண்டையும் மாட்டுவது முறிவை வரவழைப்பது. டிஃபரன்ஷியலுக்குள் பல்லை வெல்டு அடித்துப் பூட்டுகிற வழக்கமும் இருக்கிறது. தார்ச்சாலை வளைவில் அந்த வண்டி நேராகவே தள்ளும். பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஹவுசிங் நன்றாக இருந்தால் ஒற்றைத் துண்டு ஷாஃப்டுக்கு மாறலாம். ஃபுல் ஃப்ளோட்டிங் கிடைத்தால் அதுவே மேல். வேறு வண்டியின் முழு ஆக்சிலையும் தூக்கி மாட்டும்போதுதான் தவறுகள் நடக்கின்றன. பழைய ஜீப்பில் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்காது, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளிமுனையும் அதே வரிசையில் இருப்பதால்தான் புரொபெல்லர் ஷாஃப்ட் நேராக ஓடுகிறது. டிஃபரன்ஷியல் நடுவில் உள்ள ஆக்சிலை அங்கே கொண்டுவந்தால் ஷாஃப்ட் கோணலாகி யூ ஜாயின்ட் சாகும். பின் ரேஷியோவும் முன் ரேஷியோவும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்ட உடனே இரண்டும் ஒன்றை ஒன்று எதிர்த்து முறுக்கும். வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் வெல்டு பிடிப்பது எல்லாருக்கும் வராத வேலை. கிரவுன் பினியன் மாற்றினால் பற்களுக்கிடையிலான ஆட்டத்தை, அதாவது பேக்லாஷை டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கையால் ஆட்டிப் பார்த்து “சரியாத்தான் இருக்குண்ணே” என்று சொல்கிற பட்டறை அந்த வேலைக்கு ஏற்றதல்ல.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தேய்ந்த ஷாஃப்டுக்குப் பதில் அதே அளவில் புதுசு போடுவது பழுதுபார்ப்பு. வீல்பேஸ், எடை, டயர் அளவு மாறும்படி வேறு ஆக்சில் போடுவது மாற்றம். சந்தேகமிருந்தால் வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஆர்.டி.ஓ. உத்தரவு நியாயமில்லை என்று பட்டால் 57ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

ஐம்பது வருடம் கடந்த ஜீப்பை விண்டேஜ் வண்டியாகப் பதிய நினைப்பவர்கள் சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது.

புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தையில் ஆக்சில் வாங்கினால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியிலிருந்து கழற்றியது என்று பின்னால் தெரிந்தால் பதில் சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான். பட்டறை ரசீதிலும் “ஆக்சில் வேலை” என்று ஒரு வரியில் முடிக்க விடாதீர்கள். என்ன ஷாஃப்ட், என்ன ரேஷியோ, புதுசா பழசா, எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதச் சொல்லுங்கள்.

வேலை கெட்டுப்போனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. ஜீப் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது பொருந்தாது, அவர் வியாபாரி என்று சிலர் மிரட்டுவார்கள். அது சரியல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் நுகர்வோர் உரிமைக்குள் வரும் என்று சட்டமே சொல்கிறது. வெளிமாநிலத்திலிருந்து வாங்கிய பொருளானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருடம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். உடைந்த ஷாஃப்டை மட்டும் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். முறிந்த முகத்தில் ஒரு பகுதி கறுத்துத் துருவேறியும் மீதி பளபளவென்றும் இருந்தால், விரிசல் பழையது, கடைசித் துணுக்கு மட்டும் இன்று முறிந்தது என்று பொருள். ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்த இரும்புதான் சாட்சி.

விபத்தில் காயம்பட்ட பயணிக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் தனி உரிமை உண்டு. ஓட்டுநர் தவறை நிரூபிக்காமலேயே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மரணத்துக்கு 5 லட்சமும் பலத்த காயத்துக்கு 2.5 லட்சமும் கோரலாம். தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்பது 166ஆம் பிரிவு. அதற்கு விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யச் சட்டம் சொல்கிறது. விபத்து நடந்த இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. கேரளப் பக்கம் ஜீப் கவிழ்ந்தாலும் தேனியில் வசிப்பவர் தம் ஊருக்குரிய விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். தோட்ட முதலாளி ஏற்பாடு செய்த வண்டியானால் வேலை சார்ந்த காயமாகவும் கோர இடமுண்டு, ஆனால் இரண்டில் ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். சொந்த உபயோகத்துக்குப் பதிந்த ஜீப்பில் பர்மிட் இல்லாமல் கூலிக்கு ஆள் ஏற்றியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைச் சொல்லி விலகப் பார்க்கும். பயணிக்குக் கொடுத்த பணத்தை உரிமையாளரிடமிருந்தே வசூலிக்கவும் செய்யும். தினமும் ஒரே ஜீப்பில் போகிறவர்கள் அதன் எப்.சி., பர்மிட், காப்பீடு மூன்றையும் பார்க்கக் கேட்பதில் தப்பே இல்லை. வண்டி எண்ணைப் போட்டால் பரிவாகன் தளத்திலேயே தேதிகள் தெரிந்துவிடும்.